கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள்

திருகோணமலை நிலாவெளிப் பக்கமிருந்து 39 வயதுச் சகோதரி ஒருவர் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் இரண்டு கைவிரல்களும் மணிக்கட்டும் வீங்கத் தொடங்கின. சிக்கன்குன்யா விட்டுப்போன உளைவு என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் (நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்று தெரிந்தது. காலையில் எழும்பினால் ஒன்றரை மணி நேரத்துக்கு விரல் மடியாது. தேங்காய் திருவ முடியாது, பிள்ளையின் சட்டைக்குத் தெறி பூட்ட முடியாது. வீட்டிலிருந்து தையல் தொழில் செய்கிறார். கிளினிக்கில் நோயை அடக்கும் மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒருநாள் 10 மில்லிகிராம், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் தினம் 5 மில்லிகிராம். “மெதோட்ரெக்சேட் போட்டால் அடுத்தநாள் முழுக்க ஓங்காளம் டொக்டர். அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு போடுவேன், இரண்டு ஞாயிறு விட்டுவிடுவேன்.” நோவு கூடினால் பார்மசியில் டைக்ளோஃபெனாக் என்ற நோவுக் குளிசை. இடையிடையே ஒரு வைத்தியர் தந்த சூரணம்.

இப்போது கொழும்பில் நடக்கும் ஓர் ஆய்வுக்கு இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஜாக் தடுப்பான்’ (அழற்சியைத் தூண்டும் ‘ஜாக்’ நொதியைத் தடுப்பது) வகையைச் சேர்ந்த புதுக் குளிசை. மூன்றில் இரண்டு பேருக்கு மருந்து, மற்றவருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் குளிசை. 24 கிழமை. நாலு கிழமைக்கு ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டும். கையில் கொடுத்த சம்மதப் பத்திரம் ஆங்கிலத்தில் 16 பக்கம். கனடாவில் இருக்கும் அண்ணன், “டொலர் கணக்கில் விலை போகிற மருந்து சும்மா கிடைக்குது, விடாதே” என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, “எங்கட ஆக்களை எலியாக்கப் பார்க்கிறாங்கள்” என்கிறார். கணவர் சொல்வது இரண்டையும் விட விபரீதம்: “அப்பாவுக்குக் காசநோய் வந்த கதையைச் சொன்னால் சேர்க்கமாட்டார்கள், சொல்லாதே.” மாமனார் இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர், இரண்டு வருடத்துக்கு முன் ஆறு மாதம் மருந்து எடுத்தவர்.

கேள்விகள் இவை: கையெழுத்துப் போடவா? மறுத்தால் இங்கே கிளினிக்கில் கோபிப்பார்களா? இடையில் விலகலாமா? மூன்றாவது பிள்ளை ஆசை இருக்கிறது, அது என்ன ஆகும்? கடைசியில் ஒரு வரி: “மெஷினை விற்றுவிடவா?”

சகோதரி, உங்கள் கையைப் பார்க்காமல், எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எழுதுகிறேன். அந்த அளவுக்கே இதற்கு மதிப்புக் கொடுங்கள். உங்கள் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வது இதைவிடப் பெரிது. ஆனால் அவரிடம் நீங்கள் சொல்லாத ஒன்று எனக்கு எழுதியதில் இருக்கிறது. அங்கேதான் தொடங்க வேண்டும்.

விட்டுப்போன அந்த இரண்டு ஞாயிறு

“இத்தனை வருடம் மருந்து எடுத்தும் சரிவரவில்லை, அதனால்தான் புது மருந்து” என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் நீங்கள் அந்த மருந்தைப் பாதிதான் எடுத்திருக்கிறீர்கள். 10 மில்லிகிராம் என்பதே தொடக்க அளவுக்குக் கிட்டத்தான். ஒத்துக்கொண்டால் படிப்படியாக 20, 25 வரைக்கும் கூட்டுவது வழக்கம். அதிலும் பாதியை விட்டுவிட்டால், நோய்க்கு மருந்து தோற்றதா, மருந்து போய்ச் சேரவே இல்லையா என்று எப்படிச் சொல்வது? உங்கள் மருத்துவர் கிளினிக் கொப்பியைப் பார்க்கிறார். கொப்பியில் இத்தனை வருட மெதோட்ரெக்சேட் இருக்கிறது, வீக்கமும் இருக்கிறது. ஆகவே “இவருக்கு இது வேலை செய்யவில்லை” என்று நியாயமாகவே முடிவெடுத்து ஆய்வுக்குச் சொல்லியிருக்கிறார். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் மெதோட்ரெக்சேட்டைப் போதிய அளவில், ஒழுங்காக எடுத்தும் அடங்காத ஆட்களுக்கானவை. உங்கள் இரண்டு ஞாயிறு தெரியாமல் சேர்த்தால் உங்களுக்கும் நட்டம், ஆய்வின் கணக்கும் பிழைக்கும்.

ஓங்காளத்துக்கு வழி இருக்கிறது. ஃபோலிக் அசிட் என்ற விட்டமின் குளிசை தந்திருக்கிறார்களா என்று பாருங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை. குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின் இரவில் போட்டுப் படுத்துவிடுவது, ஒருநாள் அளவையே சில மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரிப்பது, அதுவும் சரிவராவிட்டால் தோலுக்குக் கீழே ஊசியாகப் போடுவது என்று பல ஏற்பாடுகள் உண்டு. எதையும் நீங்களாகச் செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள். இந்த மருந்தில் ஒரு பிழை உயிரை வாங்கும். பல வருடத்துக்கு முன் ஓர் அம்மா வந்தார், வாயெல்லாம் புண், காய்ச்சல், இரத்த அணுக்கள் அடியோடு இறங்கிப்போயிருந்தன. கிழமைக் குளிசையை மற்றக் குளிசைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கியிருக்கிறார். பார்மசி உறையில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. விட்ட ஞாயிறுகளுக்கு ஈடாக அடுத்த கிழமை இரட்டிப்பாகப் போடுவதும் கூடவே கூடாது.

பழைய மருந்தை ஒழுங்காகக் கொடுத்தாலே எவ்வளவு மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்தது, 2004இல் வெளியானது. நோய் தொடங்கி ஐந்து வருடத்துக்கு உட்பட்ட 110 பேர். ஒரு பாதியினரை வழமைபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். மறு பாதியினரை மாதாமாதம் பார்த்து, மூட்டுகளை எண்ணி, வீக்கம் மிஞ்சியிருந்தால் உடனே அளவைக் கூட்டினார்கள். புதுமையான மருந்து எதுவும் கிடையாது. 18 மாத முடிவில் வழமைப் பிரிவில் 100க்கு 16 பேருக்கு நோய் ஏறக்குறைய அடங்கியிருந்தது. மாதாமாதம் பார்த்த பிரிவில் 100க்கு 65 பேர். உங்களுக்கும் நோய் வந்து நாலு வருடம்தான்.

இன்னொன்று 2013இல் வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 353 பேர், எல்லோரும் மெதோட்ரெக்சேட் மட்டும் எடுத்து அடங்காதவர்கள். ஒரு பிரிவுக்கு அதோடு சல்ஃபாசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற இரண்டு பழைய குளிசைகளும், மறு பிரிவுக்கு விலைகூடிய எடனெர்செப்ட் ஊசி. 48 கிழமை முடிவில் அந்த மூன்று குளிசைக் கூட்டு ஊசிக்குப் பின்தங்கவில்லை. அண்ணன் சொல்லும் டொலர் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். விலை கூடினால் மருந்தும் கூடியது என்ற எண்ணம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். அண்ணன் கோபிக்க வேண்டாம்.

எலி என்ற பேச்சு

பக்கத்து வீட்டு அக்காவை நான் கேலி செய்யப்போவதில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2006 மார்ச்சில் இலண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு புது மருந்தை முதன்முதலாகச் செலுத்தினார்கள். முடக்குவாதத்துக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் என்று உருவாக்கப்பட்ட மருந்து அது. சில நிமிட இடைவெளியில் ஆறு பேருக்கும் ஏற்ற, ஒரு நாளுக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் தப்பினார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார். அதற்குப் பிறகுதான், முதலில் ஒருவருக்குக் கொடு, பொறுத்துப் பார், அப்புறம் அடுத்தவர் என்ற முறை இறுகியது.

அது மனிதரில் முதற்கட்டம். உங்களுக்குச் சொல்லப்பட்டது, நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மூன்றாம் கட்டம்போல இருக்கிறது. அதாவது ஏற்கெனவே சில நூறு பேராவது எடுத்த மருந்து. எந்தக் கட்டம் என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதற்காக அபாயம் இல்லை என்று ஆகாது. வயொக்ஸ் என்ற மூட்டுநோவுக் குளிசை 1999இல் அனுமதி பெற்று உலகமெங்கும் விற்றது. மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004இல் திரும்பப் பெற்றார்கள். அதைக் காட்டிக்கொடுத்ததும் மருத்துவ ஆய்வுகள்தான். அக்காவிடம் அதையும் சொல்லுங்கள்.

வெறும் குளிசை எதற்கு?

நோவுள்ள ஆளுக்கு மருந்தில்லாத குளிசையைக் கொடுப்பது ஏமாற்று என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் கொடுத்தால் ஏமாற்றுத்தான். இங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தவிர, வெறும் குளிசை கிடைப்பவரும் தன் மெதோட்ரெக்சேட்டைத் தொடர்ந்து எடுப்பார். பத்திரத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

இந்த நோய் ஒரே சீராகப் போவதில்லை. கூடும், குறையும். கூடியிருக்கும்போதுதான் ஆய்வில் சேர்கிறோம், எனவே பிறகு குறைவதும் இயல்பு. கவனித்துப் பார்க்க ஆள் இருந்தால் மருந்தையும் ஒழுங்காகப் போடுவோம். 2017இல் வெளியான பரிசிட்டினிப் ஆய்வில் (அதுவும் ஜாக் தடுப்பான்தான்) 12ஆம் கிழமையில் மருந்து எடுத்தவர்களில் 100க்கு 70 பேருக்கு முன்னேற்றம். வெறும் குளிசை எடுத்தவர்களில் 40 பேருக்கு முன்னேற்றம்! அந்த 40 தெரியாவிட்டால் 70க்கு என்ன அர்த்தம்?

‘முன்னேற்றம்’ என்ற சொல்லுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. நோகும் மூட்டுகளும் வீங்கிய மூட்டுகளும் குறைந்தது 20 வீதம் குறைய வேண்டும், நோவு, அன்றாட வேலை, இரத்தத்தில் அழற்சி அளவு முதலிய ஐந்தில் மூன்றும் அவ்வளவு குறைய வேண்டும். பத்து மூட்டு வீங்கியிருந்தவருக்கு எட்டானால் அந்தப் பகுதியில் தேறிவிட்டார். நோய் போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. 50 வீதம், 70 வீதம் என்று கூடிய படிகளும் இருக்கின்றன. விளம்பரத்தில் எந்தப் படியைச் சொல்கிறார்கள் என்று கேட்கப் பழகினால் பல குழப்பம் தீரும்.

உங்களுக்கு எது என்று உங்கள் மருத்துவர் தீர்மானிக்க முடியாது, சொல்லவும் முடியாது, அவருக்கே தெரியாது. சீட்டுக் குலுக்குவதுபோலக் கணினி பிரிக்கும். “நல்லதைத் தரச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்டு வைத்திருக்கிறேன்” என்ற வரியை வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். அது அவர் கையில் இல்லை. நல்லது எது என்று தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது.

மாமனாரின் காசநோய்

இந்தக் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நீங்கள் சுகப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்தால் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பலருக்கு அது நுரையீரலில் ஒரு மூலையில் உறங்கிக் கிடக்கும். அதை உறங்க வைப்பது நம் எதிர்ப்புச் சக்தி. முடக்குவாதத்துக்கான சக்திவாய்ந்த மருந்துகள் அடக்குவதும் அதே எதிர்ப்புச் சக்தியைத்தான். அவற்றில் ஒன்றான இன்ஃப்லிக்சிமாப் ஊசி புழக்கத்துக்கு வந்த புதிதில், அதை எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் ஓர் அறிக்கை காட்டியது. அதிலிருந்துதான் மருந்துக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயமாயின. ஜாக் தடுப்பான்களுக்கும் அதே சட்டம்.

பரிசோதனை செய்யத்தானே போகிறார்கள், ஏன் சொல்ல வேண்டும் என்று நினைக்கலாம். பிறந்தவுடன் பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நம் நாட்டவரில் தோல் பரிசோதனையை வாசிப்பது கொஞ்சம் சிக்கல். பிரெட்னிசலோன் எடுப்பவருக்கு அது பொய்யாக ‘இல்லை’ என்றும் காட்டலாம். ஒரே வீட்டில் நோயாளி இருந்தார் என்ற செய்தி இருந்தால்தான் மருத்துவர் அந்த முடிவை வேறு கண்ணால் பார்ப்பார். சொன்னால் கதவு மூடிவிடும் என்பதும் சரியில்லை. உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் தடுப்பு மருந்து சில மாதம் தந்து, அப்புறம் சேர்க்கும் ஆய்வுகள் உண்டு. ஆய்வே வேண்டாம் என்றாலும் இந்தச் செய்தி உங்கள் கிளினிக் கொப்பியில் ஏற வேண்டும்.

சூரணமும் அப்படித்தான். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்ல வரவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே அதைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். ஆனால் பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடி வேறு. மூட்டுநோவுக்கு என்று விற்ற பொடிகளில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது பல நாடுகளில் ஆய்வுகூடத்தில் பிடிபட்டிருக்கிறது. பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டைக்ளோஃபெனாக்கையும் சொல்லுங்கள், பிரெட்னிசலோனோடு அது வயிற்றைப் புண்ணாக்கும், மெதோட்ரெக்சேட்டோடு சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டிவரும். பிரெட்னிசலோனை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்று நீர் கைக்கு இதமாக இருக்கிறது என்றால் தாராளமாகக் குளியுங்கள். எலும்பு அரிபடுவதை அது நிறுத்தாது, அவ்வளவுதான்.

தாளில் தேட வேண்டியவை

நமக்குப் புரியாத மொழியில் 16 பக்கம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால் அது சம்மதம் ஆகாது. தமிழ்ப் பிரதி கேளுங்கள். அனுமதி பெற்ற ஆய்வுக்குத் தமிழ்ப் பத்திரம் இருக்க வேண்டும், அனேகமாக இருக்கும், கொடுக்கத்தான் மறந்திருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் வாசித்து, விளங்காததைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

இலங்கையில் புது மருந்து ஆய்வுக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையினுடையது. மற்றது ஒரு நெறிமுறைக் குழுவினுடையது. அந்தக் குழுவின் தொலைபேசி எண் பத்திரத்தில் இருக்கும், அது முறைப்பாட்டுக்கு மட்டுமில்லை, சந்தேகம் கேட்கவும்தான். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2006இலிருந்து இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினால் மகனே போனில் தேடிக் காட்டுவான்.

மறுத்தால் கிளினிக்கில் கோபிப்பார்களா என்றீர்கள். கோபிக்க உரிமை இல்லை. 1964இல் எழுதப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது: சேர மறுப்பதோ இடையில் விலகுவதோ மருத்துவருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைக் கெடுக்கக்கூடாது. எந்த நாளும், காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள், கடைசியாக ஒருமுறை இரத்தம் பார்த்துவிட்டு விலகுவது உங்கள் நன்மைக்கு.

அப்புறம் மூன்று விடயம். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவும் நட்ட ஈடும் யார் பொறுப்பு? நோவு தாங்காவிட்டால் 24 கிழமை முடியுமுன் வேறு மருந்துக்கு மாற்றுவார்களா, எத்தனையாம் கிழமையில்? முடிந்த பிறகு அந்த மருந்து உங்களுக்குக் கிடைக்குமா, எவ்வளவு காலம்? மருந்து வேலை செய்து, விரல் மடங்கி, பிறகு “ஆய்வு முடிந்தது, போய் வாருங்கள்” என்பதைப்போலக் கொடுமை வேறில்லை. அண்ணன் சொல்லும் “சும்மா” எத்தனை மாதத்துக்குச் சும்மா என்று இந்த மூன்றாவது கேள்விதான் சொல்லும். கொழும்புக்குப் போகும் செலவை ஆய்வு தருகிறதா என்பதையும் கேளுங்கள். ஏறத்தாழ 260 கிலோமீற்றர், வீங்கிய கைகளோடு இரவு பஸ்ஸில், துணைக்கு ஓர் ஆள், ஒரு நாள் தையல் கூலி. நிபுணர்கள் இந்தக் கணக்கைப் போடமாட்டார்கள், நீங்கள்தான் போட வேண்டும்.

ஜாக் தடுப்பான்களின் அபாயம் பற்றி ஒரு சொல். அந்த வகையைச் சேர்ந்த டொஃபசிட்டினிப் பற்றிய பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. 50 வயதுக்கு மேற்பட்ட, இதயநோய்க்கு வாய்ப்புள்ள 4362 பேர். பழைய ஊசி மருந்துகளோடு ஒப்பிட்டபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. உங்கள் வயது 39, புகைப்பழக்கம் இல்லை, ஆகவே அந்தக் கூட்டம் நீங்களில்லை. ஆனாலும் குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, காலில் இரத்தம் கட்டிய வரலாறோ இருந்தால் சொல்லுங்கள். கொப்புளிப்பான் முன்பு வந்தவருக்கு அதே கிருமி அக்கியாகத் திரும்புவதும் இந்த மருந்துகளில் கூடுதல்.

மூன்றாவது பிள்ளைக்கு வருகிறேன். ஆய்வில் இருக்கும் காலம் முழுக்கக் கருத்தடை கட்டாயமாக இருக்கும், மாதாமாதம் சிறுநீர் பரிசோதிப்பார்கள். ஆனால் ஆய்வில் சேராவிட்டாலும் இப்போதே நீங்கள் கருத்தரிக்கக் கூடாது, மெதோட்ரெக்சேட் சிசுவைப் பாதிக்கும். விட்ட அந்த இரண்டு ஞாயிறுகளால் பாதுகாப்பு ஏதும் வந்துவிடாது. ஆசை உண்மையானால் முதலில் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் காலத்துக்கு முன்பே இதை நிறுத்தி, கர்ப்ப காலத்துக்கு ஒத்துக்கொள்ளும் மருந்துக்கு மாற வேண்டும். அப்படியான மருந்துகள் இருக்கின்றன. 39 வயதில் இந்த முடிவை ஆய்வுக்குப் பின் என்று தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணவரோடு இந்தக் கிழமையே பேசுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த மாதம் கையெழுத்து வேண்டாம். அடுத்த கிளினிக்கில் இரண்டு ஞாயிறு, சூரணம், காசநோய், பிள்ளை ஆசை நாலையும் சொல்லிவிடுங்கள். பிள்ளை இப்போது வேண்டாம் என்று முடிவானால், ஓங்காளத்துக்கு வழி செய்து மூன்று நாலு மாதம் மருந்தை முழுதாக எடுத்துப் பாருங்கள். அதற்குள் ஆய்வு ஆள் சேர்ப்பதை முடித்துவிட்டால் முடிக்கட்டும், வேறு ஆய்வு வரும். முழு அளவிலும் அடங்கவில்லை என்றால், தமிழ்ப் பத்திரத்தை வாசித்து, மனம் ஒத்தால் சேருங்கள். அப்போது நானும் சேரச் சொல்லித்தான் எழுதுவேன்.

மெஷினை விற்க வேண்டாம். காலால் மிதிப்பதென்றால் ஒரு மோட்டார் பூட்டுங்கள். விரல் மடியும்வரை, காலை பத்துமணிவரை, துணியைத் தொடாதீர்கள். கத்தரிக்கோலின் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிப்பாக்குங்கள், இல்லாவிட்டால் வெட்டுவதை மகளிடம் விட்டுவிட்டு நீங்கள் தைக்க மட்டும் செய்யுங்கள்.